என் கவ்வாத்துக் கத்தி

தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த மேல்கணக்கு லயத்தில் என் கத்திக்கு இணையாக இன்னொரு கத்தி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெருமையெல்லாம் எப்போதோ மண்ணாகிப் போயிற்று. ஆனாலும் இருந்ததை இருந்தது என்றுதானே சொல்ல வேண்டும்? திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாற்பது பேர் கவ்வாத்து வெட்டினோம். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே மொட்டையாக வெட்டிவிட வேண்டும். விட்டால் மரமாக வளர்ந்துவிடும். வாது பிளக்காமல், சாய்வாக, சுத்தமாக வெட்டு விழ வேண்டும். மற்றவர்கள் இரண்டு வீச்சு வீசுகிற வாதை நான் ஒரே வீச்சில் எடுப்பேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா புது ஆட்களைக் கூட்டிவந்து என் பின்னால் நிறுத்தி, சோலைமலை வெட்டுவதைப் பார்த்துப் பழகுங்கள் என்பார்.

கத்தியில் சாறும் பாசியும் ஒட்டிக்கொண்டால் செடியடி மண்ணில் நாலு குத்துக் குத்தி எடுப்போம். மாட்டெரு போட்ட கறுப்பு மண். கத்தி பளிச்சென்று வந்துவிடும். சுத்தம் என்றால் எங்களுக்கு அதுதான்.

அந்தக் கத்திக்கு லயத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கொடி அறுக்க அதைத்தான் கேட்டு வருவார்கள். புதுக் கத்தி ஆகாது, மலையில் உழைத்த இரும்பு பட்டால்தான் பிள்ளை உழைப்பாளியாக வரும் என்பது எங்கள் நம்பிக்கை. பிரசவம் பார்க்கிற காளியாயி அத்தை அதை முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டு அறுப்பாள். அறுத்த இடத்தில் வறட்டிச் சாம்பலை வைத்து அழுத்துவாள். கத்தியைக் கழுவாமல் தாயின் தலைமாட்டுப் பாய்க்கு அடியில் செருகிவிடுவாள், காத்துக் கருப்பு அண்டாது என்று. மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் திரும்பி வரும். அந்த மூன்று நாளும் இரவல் கத்தியில் வெட்டிக்கொண்டு, என் கத்தி போன வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டு திரிவேன். அப்பேர்ப்பட்ட மடையன் நான்.

எங்கள் லயத்தில் பிள்ளை சாவது புதிய சங்கதி இல்லை. வயிற்றுப்போக்கில் போகும், மாரிச் சளியில் போகும், அம்மை கண்டால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று போகும். குடிக்கிற தண்ணீர் மலை ஓடையைத் திருப்பிவிட்ட பீலியிலிருந்து வந்தது. அந்தப் பீலிக்கு மேலே இன்னொரு லயம் இருந்தது. தாய்மார்கள் ஒன்பதாம் மாதம் வரை கூடை சுமந்துவிட்டு, பெற்ற கொஞ்ச நாளில் பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மறுபடி மலைக்குப் போனார்கள். நாங்கள் அழுவோம், புதைப்போம், மறுநாள் விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்போம். ஆனால் என் வீட்டுச் சாவு வேறு மாதிரி.

என் பெண்டாட்டி வடிவு மூன்று பெற்றாள். மூன்றும் ஆண். மூன்றும் நல்ல கனத்தோடு பிறந்து, பிறந்த உடனே லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினவைகள். முதல் பிள்ளை ஏழாம் நாள் பால் குடிக்க மறுத்தது. வாயைத் திறக்க முடியவில்லை, தாடை பூட்டிக்கொண்டது. தொட்டால் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது எட்டாம் நாள். மூன்றாவது ஆறாம் நாள். பதினாறாம் நாள்தான் எங்களில் பெயர் வைப்பது, அதனால் மூன்றும் பெயர் இல்லாமலே போயின. மூன்று குழியையும் நானேதான் வெட்டினேன்.

முனிக்குக் குறை வைத்துவிட்டேன் என்றார்கள், சேவல் அறுத்தேன். குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் தோஷம் என்றார்கள், கங்காணியின் காலைப் பிடித்து வேறு காம்பரா வாங்கினேன். வடிவு உச்சி நேரத்தில் ஆற்றைக் கடந்திருப்பாள் என்றார்கள், அவளை அடித்தேன். ஆமாம், அடித்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. மூன்றாவதும் போன பிறகு முனி கோயிலுக்கு முன்னால் நின்று, உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டுக் காறித் துப்பிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் அவள் நாலாவது தடவை முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையும் போனால் தானும் போய்விடுவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், அதுவும் அரிசி புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த வருஷந்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஜெயலெட்சுமி அம்மா பிரசவம் பார்க்கப் படித்த மிட்வைப்பாக வந்தார். அது ஐம்பத்தாறாம் வருஷம் என்று நினைவு. அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர் வீட்டுப் பெண். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. கறுப்புக் குடை, தோல் பை, முழங்கால் வரை சேறு. வயிற்றுப் பிள்ளைக்காரிகளைத் தேடி லயம் லயமாக ஏறி இறங்கினார். ஒரு மாசி மாதப் பகலில் எங்கள் வாசலுக்கு வந்தபோது வடிவு மலையில் இருந்தாள். கவ்வாத்துக்காரர்களுக்குக் கணக்கு வேலை. அன்றைய செடிகளை வெட்டி முடித்துவிட்டு நான் வீட்டில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என்னை 'நீங்க' என்று கூப்பிட்டார். தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனாலேயே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். எத்தனை பிள்ளை, எந்த நாளில் போயின, எப்படிப் போயின. ஏழு, எட்டு, ஆறு என்று நான் சொன்னதைக் கொப்பியில் எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தார். கொடியை எதால் அறுத்தீர்கள் என்று கேட்டார். நான் மடியில் கிடந்த கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். இந்த நாலு லயத்திலும் இதுதான் கொடி அறுக்கிற கத்தி என்று சொல்லி, மயிரைச் சிரைக்கும் என்று காட்ட என் கை மயிரையும் கொஞ்சம் சிரைத்துக் காட்டினேன்.

அவர் கத்தியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இதுலதாங்க இருக்கு" என்றார்.

"என்னம்மா இருக்கு?"

"உங்க புள்ளைங்கள கொண்டுபோனது. கண்ணுக்குத் தெரியாது. மண்ணுல இருக்கும், மாட்டுச் சாணியில இருக்கும். கத்தியோட வந்து தொப்புள் வழியா உள்ள போயிரும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து நான் பேசிய பேச்சு பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்களையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாததை நீ மட்டும் எப்படிப் பார்த்தாய், கடையில் உட்கார்ந்து துணி கிழித்தவளுக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும், இந்தக் கத்தியால் அறுத்த பிள்ளைகள் எத்தனை பேர் இப்போது கொழுந்து பறிக்கிறார்கள் தெரியுமா என்றெல்லாம் கத்தினேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, மழை விடக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். கத்தியைப் பழித்ததற்காகச் சண்டை என்று மட்டும் நினைத்து ஆட்கள் கலைந்து போகிற வரையும் நின்றார். நான் ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

"கவ்வாத்து மலையில வெட்டுப்பட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத் தாடை பூட்டிச் செத்தவங்க யாராவது இருக்காங்களா?"

முத்துலிங்கம் இருந்தான். எனக்கு அடுத்த நிரையில் வெட்டினவன், என் கூட்டாளி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்தி வழுக்கிக் கெண்டைக்காலில் பட்டது. பெரிய காயம் இல்லை; மண்ணை அள்ளி வைத்து அமுக்கிக் கட்டிக்கொண்டு அன்றைய வேலையை முடித்தான். ஒன்பதாம் நாள் வாய் திறக்க வரவில்லை என்று பல்லைக் கடித்தபடியே சொன்னான். உன் வாய் மூடினால் லயத்துக்கே நிம்மதி என்று நான் கேலி செய்தேன். அடுத்த நாள் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட்டன. முகத்தில் ஒரு சிரிப்பு இறுகிக் கிடந்தது. சாகிற மனிதன் எதற்குச் சிரிக்கிறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அந்தச் சிரிப்பை நான் இன்னொரு இடத்திலும் பார்த்திருந்தேன். என் இரண்டாவது பிள்ளை எட்டாம் நாள் காலையில் அப்படித்தான் கிடந்தது. வடிவு என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, புள்ள சிரிக்குது" என்று காட்டினாள்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.  முத்துலிங்கமும் என் மூன்று பிள்ளைகளும் ஒரே சாவு செத்திருக்கிறார்கள். நாலு பேரையும் நான் பார்த்திருக்கிறேன், என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. எதிரே மலை முழுவதும் நாங்கள் வெட்டின செடிகள் மொட்டை மொட்டையாக நின்றன. அந்த மண்ணில்தான் பிறந்தேன், அதில்தான் நடந்தேன், அதைத் தொட்ட கையால்தான் சோறு தின்றேன். அதற்குள் இப்படி ஒன்று குடியிருந்தது என்றால், ஒரு பொட்டு இடத்தில், ஒரு கத்தி முனையில், மூன்று உயிரை எடுக்கிறது இருந்தது என்றால், எனக்குத் தெரியாமல் இந்த உலகத்தில் இன்னும் என்னவெல்லாம் இருக்கும்? பயம் என்று சொன்னால் போதாது. கோயிலில் கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

வலி கண்டதும் ஆள் அனுப்புங்கள், நான் வரும்வரை யாரும் கொடியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா புறப்பட்டார். வடிவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. ஆற்றைக் கடந்ததற்காக அடி வாங்கினவளிடம், கொன்றது என் கத்தி என்று எந்த வாயால் சொல்வேன்?

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள், பெரட்டுக்குத் தப்பு அடித்த நேரத்தில் வடிவுக்கு வலி கண்டது. காளியாயி அத்தை வந்து வழக்கம்போலக் கத்தியைக் கேட்டாள். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் திரும்பி வரும்வரை எதையும் அறுக்க வேண்டாம் என்று அவள் காலைத் தொட்டுக் கேட்டேன். நான் யார் காலையும் தொடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. முனி கோயில் வழியாகக் குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கத் திரும்பியபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. கொடி அறுபடாமல் தாயோடு சேர்ந்தே கிடந்தது. காளியாயி அத்தை பிள்ளையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவின் மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டிக் குழிக்கு அனுப்பினவளும் அவள்தான். வேறு ஆளாக இருந்தால் காத்திருக்க மாட்டாள்.

ஜெயலெட்சுமி அம்மா கஞ்சிச் சட்டியைக் கழுவித் தண்ணீர் வைத்து, பையிலிருந்து கத்தரிக்கோலையும் நூலையும் எடுத்து அதில் போட்டார். தண்ணீர் கொதித்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொதித்தது. வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். இரும்பு எத்தனை கொதியில் வேகும், உப்புப் போட வேண்டாமா என்று காளியாயி அத்தை கேட்டாள். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். நூலால் இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் ஒரு நறுக்கு. அவ்வளவுதான். சாம்பலை நீட்டிய அத்தையின் கையை மெல்ல ஒதுக்கி, அந்த இடத்தில் ஒன்றுமே வைக்காமல் விட்டார். இத்தனை வருஷமாக நாங்கள் சேவல் அறுத்தும் காம்பரா மாற்றியும் துரத்த முடியாததைத் துரத்த, ஒரு சட்டி வெந்நீர் போதுமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறந்தது பெண் என்பதையே பிறகுதான் கேட்டேன்.

ஆறாம் நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை பால் குடித்தது. தொப்புளில் இருந்தது கறுத்துச் சுருங்கி அன்றைக்கே விழுந்துவிட்டது. ஏழாம் நாள் குடித்தது. வடிவு ஒவ்வொரு தடவையும் மாரைக் கொடுக்குமுன் விரலை அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். அது விரலைக் கவ்வி இழுத்தது. எட்டாம் நாள் விடியற்காலையில் அது கொட்டாவி விட்டது. பிறந்த எட்டாம் நாள் ஒரு பிள்ளை கொட்டாவி விடும் என்று எனக்குத் தெரியாது. அந்த வாய் அவ்வளவு சின்னது, அவ்வளவு பெரிதாகத் திறந்தது, உள்ளே நாக்கு மேலண்ணம் எல்லாம் ரோஜா நிறத்தில் தெரிந்தது. நானும் வடிவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் நாளும் குடித்தது.

இதற்குள் லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. வலி கண்டதும் சோலைமலை கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு முனி கோயில் பக்கம் ஓடினான், காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்டான், முனி இரங்கிவிட்டது. இதுதான் பேச்சு. கொதித்த கத்தரிக்கோலை அத்தனை பெண்களும் பார்த்தார்கள், ஆனால் அது ஆஸ்பத்திரிச் சம்பிரதாயம், பிழைக்க வைத்தது கத்திதான் என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் வடிவின் காதில் விழும். பேசாமல் இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம், கடைசிக் காம்பரா மாயாண்டி வாசலில் வந்து நின்றான். அவன் பெண்டாட்டி ராக்காயிக்கு அது தலைப்பிரசவம். வலி கண்டுவிட்டது, காளியாயி அத்தை கத்தி வாங்கி வரச் சொன்னாள் என்றான். இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றான், கோயிலில் திருநீறு வாங்குகிறவன் மாதிரி. வடிவு உள்ளே சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அதைப் பார்க்கிறேன். கத்தி கூரையில் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று அவளே சொன்னாள்.

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கத்தி முனை உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவன் பக்கத்து வீட்டுக் கத்தியை வாங்கிப் போவான். அதுவும் அதே மண்ணில் குத்தி எடுத்த கத்திதான்.

"மாயாண்டி, அந்தக் கத்தி ஆகாது" என்றேன். "எந்தக் கத்தியும் ஆகாது. எங்க மூணு புள்ளையையும் கொன்னது என் கத்திதான். முனியில்ல. வடிவு ஆத்தத் தாண்டினதுமில்ல. என் கத்தி. ஓடிப்போயி மிட்வைப் அம்மாவக் கூட்டிட்டு வா."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். எனக்குப் பின்னால் பிள்ளை பால் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துலிங்கத்தைப் பற்றி, மண்ணைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்று வடிவு கேட்டாள்.

"மாசியிலேருந்து."

  அவள் பிள்ளையை மாரிலிருந்து எடுத்து, வாயைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பச்சை உடம்புக்காரி, பதினாறு நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாதவள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கண்ணே" என்றாள் மாயாண்டியிடம். "நான் ராக்காயிகிட்டப் போயி உக்காந்துக்கிறேன். அந்த அம்மா வர்ற வரைக்கும் ஒருத்தரையும் கொடியில கை வைக்க விட மாட்டேன்."

அவன் ஓடினான். அவள் என் பக்கம் திரும்பினாள். பிறந்து பத்து நாளாகியும் நான் அந்தப் பிள்ளையை ஒரு தடவை கூடத் தொடவில்லை. என் கையை நானே பார்க்கக் கூசினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும்தான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பு ஏறின கை, மூன்று குழி வெட்டின கை, அவளை அடித்த கை.

"போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

கழுவினேன். முழங்கை வரை கழுவினேன், திரும்பவும் கழுவினேன். ஈரக் கையோடு வந்து நின்றேன். அவள் பிள்ளையை அதில் வைத்தாள்.

"தலையத் தாங்கிப் புடிங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசிக் காம்பராவை நோக்கி நடந்தாள்.